கோல்ஃபில் டிரைவர் மட்டையால அடிச்சா பந்து வலப்பக்கம் ஓடுது: முன்கையை எப்போ திருப்பணும்?

செம்பனை_ஓரம்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கிளப்பில் கோல்ஃப் ஆடுறேன், ஒன்பது குழி. வலக்கை ஆட்டம். 7ஆம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை மட்டை) 120 மீட்டர்தான் போகுது. தூரமா அடிக்கிற நீள மட்டையான டிரைவரை எடுத்தா பந்து வலப்பக்கம் வளைஞ்சு செம்பனை மரங்களுக்குள்ளே போயிடுது. முன்கையைத் திருப்பச் சொல்றாங்க. திருப்பினா இடப்பக்கம் தாழ்வா சுருண்டு விழுது. இடது முழங்கை வெளிப்பக்கம் வலிக்கவும் செய்யுது. எப்போ, எவ்வளவு திருப்பணும்?

பழைய_அயர்ன்:
தம்பி, பலம் முன்கையில் பிறக்கிறதில்லை. இடுப்பும் தோளும் திரும்புற வேகத்தை மட்டைத் தலைக்குக் கொண்டு சேர்க்கிறதுதான் அதோட வேலை.

பின்னால் தூக்கும்போது மட்டைக்கம்பி இடுப்பு உயரத்தில் தரைக்கு இணையா வந்ததும் நிறுத்திப் பாருங்க. மட்டைத் தலையோட நுனி வானத்தைப் பார்க்கணும், கொஞ்சம் முன்னால் சாய்ஞ்சிருந்தா இன்னும் நல்லது. மட்டையின் முகமே (பந்தில் படுற பக்கம்) வானத்தைப் பார்த்தா அங்கேயே முன்கையை அதிகமா உருட்டிட்டீங்க. அடிக்கிற நேரத்தில் அதை மூடுறது, அதாவது இலக்குக்கு நேரா திருப்புறது, கஷ்டம். பந்து வலப்பக்கம் ஓடுறது இதனாலதான் இருக்கும்.

இறங்கும்போது உச்சியிலிருந்தே உருட்டாதீங்க. வலது முழங்கை வலது இடுப்புக்கு முன்னால் வந்து சேரட்டும். அப்புறம் இடது கையால் கதவுக் குமிழை இடப்பக்கம் திருகுற மாதிரி முன்கை தானே திரும்பும், வலது முன்கை அதுக்கு மேல் வரும். பந்தைத் தாண்டி மறுபக்கம் இடுப்பு உயரத்தில் நுனி மறுபடி வானத்தைப் பார்க்கணும். அப்போ இடது முழங்கை வெளியே பிதுங்கி நின்னா உருளல் பாதியில் தடைபட்டிருக்கு.

இடப்பக்கம் சுருள்றதுக்குக் காரணம் உடம்பு நின்னு போறது. கை மட்டும் உருண்டா முகம் சட்டுனு மூடிடும். அடிக்கும்போதே பெல்ட் கொக்கி இலக்குப் பக்கம் திரும்பியிருக்கணும்.

பயிற்சிக்கு 7ஆம் நம்பர் போதும். இரண்டு கைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பிடிச்சு, இடுப்பிலிருந்து இடுப்பு வரை மெதுவா 20 தடவை வீசுங்க. கை பிரிஞ்சிருக்கிறதால வலது முன்கை இடதைத் தாண்டுறது நல்லாத் தெரியும்.

பிடி_முக்கியம்:
அண்ணன் சொன்னதுக்கு முன்னாடி பிடியைப் பாருங்க. மட்டை உள்ளங்கையில் இல்லை, விரல் அடியில் உட்காரணும். மேலிருந்து பார்த்தா இடக்கையில் 2 அல்லது 3 விரல் கணு தெரியணும். இறுக்கம் பத்துக்கு நாலு.

நம்ம ஊர் வெக்கையில் வியர்த்துப் பிடி வழுக்கும். வழுக்கினா நமக்கே தெரியாம இறுக்குவோம். இறுக்கினா தசை விறைச்சு முன்கை உருளாது. மட்டையோட கைப்பிடி ரப்பரைப் பாத்திரம் கழுவுற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணியும் போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, நிழலில் காய வைங்க. கழுவியும் பளபளன்னு வழுக்கினா அந்த ரப்பரை மாத்திடுங்க. மட்டையைக் காரோட பின்பெட்டியில் போட்டு வைக்காதீங்க, சூட்டில் ரப்பர் கெட்டியாயிடும்.

மூட்டுவலி_கவனம்:
வெளிப்பக்க வலி மணிக்கட்டைத் தூக்குற தசையோடது. இறுக்கிப் பிடிக்கிறதும், சிமெண்டு மேல் மெல்லிய பாய் போட்ட பயிற்சி ரேஞ்சில் அடிக்கிறதும் அதைக் கூட்டும். வலி அடங்கும் வரை பந்து எண்ணிக்கையைக் குறைங்க. முன்கையை மேசையில் வச்சு, சுத்தியலைக் கைப்பிடி நுனியில் பிடிச்சு, உள்ளங்கை மேலும் கீழுமா மெதுவா 15 தடவை திருப்புங்க. வலி கூடினா நிறுத்திடுங்க. வாரக்கணக்கா நீடிச்சா டாக்டரைப் பாருங்க.

செம்பனை_ஓரம்:
நன்றிண்ணே. கை பிரிச்சுப் பிடிக்கிறதை டிரைவரிலும் செய்யலாமா?

பழைய_அயர்ன்:
இப்போ வேண்டாம். கம்பி நீளம், முழங்கை வலியும் இருக்கு. 7ஆம் நம்பரில் அரை வீச்சுக்குப் பந்து நேரா போகட்டும். அப்புறம் டிரைவரை வழக்கமான பிடியில், பந்தை இடது குதிகாலுக்கு உள்பக்கம் வச்சு, முக்கால் வேகத்தில் ஆரம்பிங்க.