மறுமொழி: ‘விலக்கக் குருதிப்போக்கு’க்குப் பதிலாக ‘மருந்தோய்வு உதிரம்’

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கருத்தடை பற்றிய துண்டறிக்கைக்கு நாம் தேடும் சொல்லைக் குறித்து மருத்துவர் அம்மா எழுதியது இது:

> கருத்தடை மாத்திரையை நிறுத்தியதும் வரும் இரத்தப்போக்கை ‘விலக்கக் குருதிப்போக்கு’ எனலாம். மூலச் சொல்லான ‘withdrawal bleeding’ என்பதன் பொருளும் அதுதான்.

மருத்துவர் அம்மா எழுதியதை மூன்று முறை படித்தேன். பொருளில் பிழையில்லை. ஆனாலும் சொல்லை ஏற்க மனம் வரவில்லை. நம் பெண்களுக்கு ‘விலக்கு’ என்றாலே மாதவிலக்குத்தான். ‘இது மாதவிலக்கு அல்ல’ என்று உணர்த்த வேண்டிய சொல் மாதவிலக்கையே நினைவூட்டினால் என்ன பயன்?

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரிச் சீட்டில் மலையாளம். போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையோடு வந்தாள். 21 வெள்ளை மாத்திரைகளும் தீர்ந்திருந்தன. கடைசி வரிசையில் 7 இரும்புச்சத்து மாத்திரைகள் பிரிக்காமல் கிடந்தன. குழந்தை வேண்டும் என்று நிறுத்தியவள். மூன்றாம் நாளே உதிரம் பட்டிருக்கிறது. முறை வந்துவிட்டது என்று நம்பி, அன்றிலிருந்து காலண்டரில் 28 நாள் எண்ணியிருக்கிறாள். நாள் தள்ளியதும் குளி தப்பிவிட்டது, அதாவது கரு உண்டாகிவிட்டது, என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுச் சேச்சியும் ‘குளி தெற்றி’ என்று மலையாளத்தில் அதையே சொல்லி மகிழ்ந்திருக்கிறார். சோதித்துப் பார்த்தால் கரு இல்லை. “அப்படியானால் கலைந்துவிட்டதா அக்கா?” என்று அவள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கலைய எதுவும் இருக்கவில்லை என்பதை விளக்க என்னிடம் ஒரு சொல் இல்லை.

மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன்கள் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, முட்டை வெளிவராமல் தடுக்கின்றன. கருப்பையின் உட்படலத்தைத் தாங்கி நிற்பதும் அவைதான். மருந்து நின்றதும் தாங்கல் போய்ப் படலம் உதிர்கிறது. இதில் முட்டைக்குப் பங்கே இல்லை. உடல் தன் பழைய ஓட்டத்துக்குத் திரும்பி, முட்டை பக்குவப்பட்டு வெளிவந்து, அதற்குப் பின் வருவதுதான் உண்மையான மாதவிடாய். பலருக்கு 4 முதல் 6 வாரங்களில் வரும், பெரும்பாலோருக்கு 3 மாதங்களுக்குள் வந்துவிடும். அதற்கும் மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவருவதால், அது வராமலேயே கருத்தரிப்பதும் உண்டு. மாத்திரை அடக்கி வைத்திருந்த முகப்பருவும் வயிற்று வலியும் சிலருக்குத் திரும்பும். முன்பே ஒழுங்கில்லாமல் இருந்த சுழற்சி மறுபடி தலைகாட்டும். மாத்திரை உடம்பைக் கெடுத்துவிட்டது என்று பழி சொல்வது இந்த நேரத்தில்தான்.

இனி, வந்த மற்றச் சொற்கள். ‘நிறுத்தக் குருதி’ ஆகாது. நடுவயதுக்குப் பின் மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்பது நிலைத்துவிட்டது. ‘மருந்துவிடு உதிரம்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கண்ணுக்கு மருந்து விடுவதும் விடுவதுதானே.

என் பரிந்துரை ‘மருந்தோய்வு உதிரம்’. மழை ஓய்ந்தது என்கிறோமே, அந்த ஓய்வு. அட்டையின் கடைசி 7 நாளில் வருவதற்கும், அடியோடு நிறுத்தியதும் வருவதற்கும் பொருந்தும். முறை வராதவர்களுக்குச் சில நாள் புரோஜெஸ்டின் கொடுத்து நிறுத்தி வரவழைப்பதற்கும் பொருந்தும். கருப்பையில் வைக்கும், ஹார்மோன் இல்லாத காப்பர்-டியை எடுத்ததும் படுகிற உதிரத்துக்கு இதை ஆளக் கூடாது. ‘குருதி’ எங்கள் பக்கம் ஏட்டில் மட்டும் இருக்கிறது, ‘உதிரம்’ பாட்டிகள் வாயில் இருக்கிறது.

இதற்கு இணையாக, உடல் தானே கொண்டுவருவதை ‘தன்முறை’ எனலாம். மலையாளத்தில் ‘மாசமுற’ என்பதால் எல்லையின் இரு பக்கமும் விளங்கும். அந்தரா என்ற கருத்தடை ஊசியை நிறுத்தியவர்களுக்குத் தன்முறை திரும்ப நாளாகும். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்க 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம் என்று அதையும் துண்டறிக்கையில் சேர்க்க வேண்டும்.

நேற்று அந்தப் பெண்ணிடம் இரண்டு சொற்களையும் சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்படியென்றால் அது மருந்து ஓய்ந்த உதிரம். என் முறை இனிமேல்தான் வரும்” என்றாள்.

அவள் பிரித்துச் சொன்னதைப் போலவே, துண்டறிக்கையில் ‘மருந்து ஓய்ந்த உதிரம்’ என்றும் கலைச்சொல் பட்டியலில் ‘மருந்தோய்வு உதிரம்’ என்றும் வைக்கலாமா? மருத்துவர் அம்மாவின் கருத்தைக் கேட்ட பிறகே அச்சுக்குக் கொடுப்பேன்.