மிண்டனாவோ மலையூருக்கு ஹபால்-ஹபாலில் போவது எப்படி? ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதுவரவு_டவாவோ:

வணக்கம். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், டவாவோவில் படிக்கிறேன். அடுத்த மாதம் கம்யூனிட்டி டியூட்டிக்காக மலைமேல் ஒரு பராங்காயில், அதாவது சின்ன ஊரில், இரண்டு வாரம் தங்கணும். ஜீப்னி (நீட்டின ஜீப் மாதிரி மினிபஸ்) அடிவாரம் வரைதான் போகுமாம், அதுக்கு மேல ஹபால்-ஹபால் என்கிற வாடகை பைக்தானாம். ஒரே பைக்கில் ஆறு பேர் உட்கார்ந்து போற படம் பார்த்தேன், வயிறு கலங்கிடுச்சு. இதில் ஏறலாமா, கூடாதா? எங்கே உட்காரணும், என்ன பார்க்கணும்? விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது எழுதுங்களேன். எனக்குப் பின்னால் வரும் ஜூனியர்களுக்கும் ஆகும்.

செயின்_ஸ்பிராக்கெட்:

தம்பி, அந்த மலைக்கு வேறு வண்டி கிடையாது. அதனால் ஏறலாமா கூடாதா என்று யோசிப்பதை விட, எதில் ஏறக்கூடாது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

முதலில் பெயர். ஹபால் என்பது இந்தப் பக்கத்து பிசாயா மொழியில் விலங்குகள் இணை சேர்வதைக் குறிக்கும் சொல். ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒட்டி உட்காருவதைப் பார்த்து யாரோ கிண்டலாக வைத்தது ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த அர்த்தத்தை வகுப்பில் எழுந்து நின்று கேட்டுத் தொலைக்காதே.

வண்டி பெரும்பாலும் ஹோண்டா எக்ஸ்ஆர்எம், டிஎம்எக்ஸ், கவாசாகி பராகோ இந்த ரகம்தான். நம்மூர் பஜாஜ் சிடி 100-ம் கவாசாகி பெயரோடு சேர்ந்து இங்கே ஓடும். கம்பெனியிலிருந்து வந்தபடி மலையேறாது, பட்டறையில் நாலு வேலை நடக்கும்.

சீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து நீட்டி, அதன்மேல் பலகையும் ஸ்பாஞ்சும் போடுவார்கள். பின்பக்கம் ஷாக் அப்சார்பரை இரண்டிலிருந்து நாலாக்குவார்கள். கால் வைக்கக் கூடுதல் கம்பி அடிப்பார்கள். நாலாவது வேலைதான் முக்கியம், பின் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை மாற்றுவது. முன்னால் 14 பல், பின்னால் 38 பல் என்று இருந்ததில் பின்னதை 45 ஆக்கினால் இழுவை ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். அதற்கு விலையாக அதே இன்ஜின் சுற்றில் வேகம் 16 சதவீதம் போல குறையும். மலைப்பாதையில் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? செயினுக்கும் கூடுதலாகச் சில கண்ணி சேர்க்க வேண்டிவரும். அதைச் சரியாகச் செய்யாத வண்டியில் செயின் தொய்ந்து தொங்கும், மேட்டில் பல்லை விட்டுக் கழன்றுகொள்ளும்.

ஏறுமுன் நீ பார்க்க வேண்டிய இடம் அந்த நீட்டிய குழாய் பழைய சேஸியோடு சேரும் மூட்டு. பெயின்ட்டில் மயிரிழை போலத் துருக்கோடு ஓடினால் வெல்டிங் விட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்த வண்டி வேண்டாம். அப்புறம் பின் டயரைக் குனிந்து பார், பட்டன் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் களிமண்ணில் நிற்காது. செயினைக் கட்டைவிரலால் தூக்கிப் பார், இரண்டு விரற்கடைக்கு மேல் ஆடினால் அதுவும் வேண்டாம். நீ இப்படிப் பார்ப்பதை ஓட்டுநர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நல்ல ஓட்டுநராக இருந்தால் அவரே காட்டுவார்.

உட்காரும் இடம். பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் உட்காரும் ஒவ்வொருவரும் முன் சக்கரத்தைத் தூக்கும் நெம்புகோல்தான். மேட்டில் ஹேண்டில் லேசாகி, திருப்பினாலும் வண்டி திரும்பாது. அதனால்தான் ஓட்டுநர் அரிசி மூட்டையை டாங்கின்மேல் வைத்துக்கொள்கிறார். கனமானவர் ஓட்டுநரை ஒட்டி, ஒல்லியானவர் கடைசியில். முதுகுப் பையைக் கழற்றி டாங்கின்மேல் வைக்கச் சொல். பத்து கிலோ பை கடைசி ஆளின் முதுகில் தொங்கினால், அது அச்சுக்கு வெகு பின்னால் போய் இன்னொரு ஆள் ஏறின மாதிரி வேலை செய்யும்.

வளைவில் வண்டி சாயும் பக்கம் நீயும் கூடவே சாய். பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களால்தான் பாதி வண்டி விழுகிறது. முன்னால் இருப்பவரின் தோளைப் பிடிக்காதே, இடுப்பைப் பிடி. தோளைப் பிடித்தால் உன் ஆட்டமெல்லாம் ஹேண்டிலுக்குப் போய்ச் சேரும்.

இறக்கத்தில் கருகின வாடை வந்தால் பிரேக் டிரம் சூடேறிவிட்டது. உடனே நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் ஆற விடு. ஓடை கடக்கும்போது இறங்கி நடந்து கடந்துவிடு. கரையேறினதும் முதல் சில மீட்டருக்கு ஈர பிரேக் பிடிக்காது. ஓட்டுநர் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி உலர்த்துவார், அதைப் பார்த்துப் பதறாதே.

மூன்று பேருக்கு மேல் ஏற்றினால் அடுத்த வண்டிக்குக் காத்திரு. அவசரமென்றால் பக்யாவ் பேசிக்கொள், அதாவது வண்டி மொத்தமும் உனக்கு மட்டும். காலியிருக்கைக்கும் நீ காசு கொடுப்பாய், அவ்வளவுதான்.

புதுவரவு_டவாவோ:

ரொம்ப நன்றி அண்ணா. ஸ்கைலேப் என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுதானா?

செயின்_ஸ்பிராக்கெட்:

அது இதன் பெரியண்ணன். 1979 ஜூலையில் வானத்திலிருந்து விழுந்ததே அமெரிக்க விண்வெளி நிலையம், அந்தப் பெயர். நம்மூரிலும் தலையில் விழுமென்று அந்த வருஷம் பயந்துகிடந்தவர்கள் உண்டு. பைக்கின் குறுக்கே பலகையைக் கட்டி இருபக்கமும் ஆள் உட்காருவதால், சிறகு விரித்த அந்த நிலையம் மாதிரி தெரிந்ததாம்.

காவடி தூக்கியவருக்கு இதன் கணக்கு உடனே புரியும். இரண்டு பக்கமும் எடை பெருக்கல் தூரம் சமமாக வேண்டும். ஒரு பக்கம் 80 கிலோ ஆள் நடுவிலிருந்து 50 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் 50 கிலோ ஆள் 80 சென்டிமீட்டரில் உட்கார வேண்டும். ஓட்டுநர் யாரையும் எடை போட மாட்டார், உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கே அங்கே என்று கை காட்டுவார். அவர் காட்டின இடத்தில் மட்டும் உட்கார். நடுவழியில் காற்றுக்காக நகர்ந்து உட்காராதே.

ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் முதலில், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். இறங்கும்போது வெளியே இருப்பவர்கள் முதலில், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். ஓட்டுநர் இரண்டு காலையும் தரையில் ஊன்றின பிறகுதான். ஸ்கைலேப் கவிழ்வது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, நின்ற பிறகு ஒருவர் தன் ஊர் வந்துவிட்டதென்று சட்டென்று குதிக்கும்போதுதான்.

என்னைக் கேட்டால் ஸ்கைலேப்பைத் தவிர்த்துவிடு. பலகை அகலத்துக்குப் பாதையில் இடம் இருக்காது, எதிரே வண்டி வந்தால் அடிபடுவது முதலில் உன் முழங்கால்.

சட்டம்_பேசுபவர்:

இடையில் ஒன்று. 1964-ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 4136 மோட்டார் சைக்கிளை வாடகைப் பயணி வண்டியாக ஏற்கவில்லை. ஊர்ப்புறத்தில் யாரும் தடுப்பதில்லை என்பது வேறு விஷயம். உரிமம் பெற்ற பயணி வண்டிக்கு இருக்கும் பயணி விபத்துக் காப்பீடு இதில் இருக்காது. உங்கள் மாணவர் காப்பீடு பைக் விபத்தை ஏற்குமா என்று கிளம்புமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் சட்டம் 10054 பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். மலையில் ஓட்டுநரிடம் இரண்டாவது ஹெல்மெட் இருக்காது, நகரத்திலேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்நாட்டுத் தயாரிப்பென்றால் பிஎஸ் என்ற தர முத்திரை, இறக்குமதியென்றால் ஐசிசி என்ற இறக்குமதி அனுமதி ஸ்டிக்கர் இருக்கணும்.

நீங்களே பைக் வாங்கி ஓட்டலாம் என்று யோசித்தால், ஆங்கிலத்தில் இருக்கும் இந்திய லைசென்ஸ் வந்திறங்கின நாளிலிருந்து 90 நாள் செல்லும். அதற்குப் பிறகு எல்டிஓ என்கிற இந்த நாட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று_சக்கரம்:

அடிவாரத்துக்கு ஜீப்னி சரி, மற்ற இடத்துக்கு எதில் போவது என்று யாரும் சொல்லவில்லையே. டவுனுக்குள் ட்ரைசிகிள். பைக்கின் வலப்பக்கம் பெட்டி கட்டினது. 1991-இன் உள்ளாட்சிச் சட்டம் வந்த பிறகு இதற்கு உரிமம் கொடுப்பது அந்தந்த நகராட்சி. அதனால் ஊருக்கு ஊர் பெட்டியின் வடிவமும் நிறமும் மாறும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பொருளை மறந்துவிட்டால் அந்த எண்ணை ஓட்டுநர் சங்கத்தில் சொன்னால் போதும். உள்ளே தாரிபா என்று கட்டணத் தாள் ஒட்டியிருக்கும். அது பல பேர் பகிர்ந்துகொள்ளும் கட்டணம். தனியாக ஏறி உடனே கிளம்பச் சொன்னால் ஸ்பெஷல் என்று பல மடங்கு கேட்பார்கள், ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள்.

பெட்டியின் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. பைக் நிற்கும்போது பெட்டி முன்னால் போகப் பார்க்கும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் பெட்டி தரையைவிட்டுத் தூக்கும். ஆகவே பெட்டிக்குள் ஆள் இருக்கணும். உள்ளே காலியாக, ஓட்டுநருக்குப் பின்னால் மட்டும் இரண்டு பேர் என்றால் ஏறாதீர்கள்.

பகாடியான் பக்கம் போனால் அங்கத்திய ட்ரைசிகிளைப் பாருங்கள். ஊரே சரிவில் இருப்பதால் பெட்டியை ஏறத்தாழ 40 பாகை மல்லாந்தபடி கட்டியிருப்பார்கள். சமதரையில் வானத்தைப் பார்த்தபடி போவீர்கள், இறக்கத்தில்தான் நேராக உட்கார்ந்திருப்பீர்கள்.

சில ஊர்களில் பாவோ-பாவோ என்பார்கள், ஆமை என்று பொருள். போய்ப் பார்த்தால் நம்ம பஜாஜ் ஆட்டோ. ஓசூர் டிவிஎஸ் கிங்கும் நிற்கும். வீட்டு ஞாபகம் வந்தால் அதில் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள்.

மல்டிகேப் என்று சின்ன வண்டியும் உண்டு. ஜப்பானில் கழித்த சின்ன லாரியை இறக்கி, பின்னால் இரண்டு பெஞ்ச் போட்டது. ஜப்பானில் ஸ்டியரிங் வலப்பக்கம், இங்கே 1998-இன் சட்டம் 8506 வலப்பக்க ஸ்டியரிங்கைத் தடை செய்தது. ஆகவே பட்டறையில் அறுத்து இடப்பக்கம் மாற்றுவார்கள். மாற்றினவர் கைத்திறனைப் பொறுத்தது உங்கள் பயணம். நேரான சாலையிலும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே போனால் உள்ளே ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள்.

கடலோரம்:

தீவுப் பக்கம் டியூட்டி விழுந்தவர்களுக்கு: பம்போட். ஒல்லியான படகு, இருபுறமும் மூங்கில் காதிக், அதாவது படகைக் கவிழாமல் தாங்கும் மிதவைக் கட்டை. காதிக் இல்லாவிட்டால் அந்த ஒல்லிப் படகு அப்போதே கவிழும், ஆகவே எல்லோரும் ஒரே பக்கம் போய் டால்பின் பார்க்காதீர்கள். சின்னப் படகுகளில் பலதில் இன்ஜினுக்கும் விசிறிக்கும் நடுவே கியரோ கிளட்சோ கிடையாது. இன்ஜின் ஓடினாலே படகு நகரும், பிரேக் போல ரிவர்ஸ் போடவும் முடியாது. ஆகவே இன்ஜின் போடுமுன் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், இறங்கும்போது இன்ஜின் நிற்கும்வரை எழக்கூடாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். பகாசா வானிலை மையம் புயல் சிக்னல் கொடுத்த பிறகும் ஒருவர் கூட்டிப் போகிறேன் என்றால், அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

வடக்கே லூசோன் தீவுப் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வரி. அங்கே வயல் உழும் கைட்ராக்டரில் டிரெய்லர் கட்டி ஆள் ஏற்றுவார்கள், குலிக்லிக் என்று பெயர், சுவர்க்கோழி மாதிரி கத்துவதால். ஸ்டியரிங் கிளட்ச் வைத்த வகையில் இறக்கத்தில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பிடியை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் இன்ஜினிலிருந்து விடுபட்டு, இறக்கத்தில் வேகமாக உருளுவதால் அப்படி. பழகாதவர் ஓட்டும் குலிக்லிக்கில் இறக்கத்தில் உட்காராதீர்கள்.

அக்கா_பிசாயா:

நாலு சொல் கற்றுக்கொண்டால் போதும். இறங்க வேண்டுமானால் மணிலாவில் பாரா போ. டவாவோவில் லுகார் லங். கட்டணம் எவ்வளவு என்பதற்கு பிலா ஆங் ப்ளேத்தே. ஜீப்னியில் காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து பலிஹுக் (தயவுசெய்து) என்றால் கைமாறி ஓட்டுநரிடம் போகும், சில்லறையும் அதே வழியில் வரும். உங்கள் கைக்கு வரும் அடுத்தவர் காசை நீங்களும் கடத்த வேண்டும், ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் முறைப்பார்கள். வேகம் அதிகமென்றால் ஹினாய்-ஹினாய் லங், நோங் (மெதுவாப் போங்கண்ணே). நோங் நம்மூர் அண்ணே மாதிரி. பெரிய நோட்டு மலையில் மாறாது. கடையில் கோக் பாட்டிலில் சிவப்பாக நிற்பது பெட்ரோல், தாகத்தில் கை நீட்டாதீர்கள்.

புதுவரவு_டவாவோ:

அக்கா, எங்கள் குழுவில் பெண்கள் மூன்று பேர். சுடிதாரோடு ஒருபக்கமாக உட்காரலாமா?

அக்கா_பிசாயா:

கூடாது. மலைப்பாதையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியிலும் வழுக்குவீர்கள், எடையும் ஒரே பக்கம் போகும். இங்கே பாட்டிகள்கூட இருபக்கம் கால் போட்டுத்தான் உட்காருவார்கள். பேன்ட்டும் கட்டு ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா பைக்குள். அது பின் சக்கரத்தில் சுற்றினால் இழுபடுவது உங்கள் கழுத்து.

இடப்பக்கமிருந்து ஏறி இடப்பக்கமே இறங்குங்கள். சைலன்சர் வலப்பக்கம் இருக்கும், வெறுங்காலில் பட்டால் கெண்டைக்காலில் உள்ளங்கை அளவு வெந்துவிடும். ஹபால்-ஹபாலில் போகிற பாதிப்பேர் காலில் அந்தத் தழும்பு உண்டு. பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஓட்டுநர் அன்பாக டூத்பேஸ்ட் நீட்டுவார், நம் பாட்டிகளும் அதையேதான் நீட்டுவார்கள். தடவாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சலாமத், அதாவது நன்றி, என்று சொல்லிவிடுங்கள்.