லிஃப்ட் வரை வந்தால் வேலை உறுதியா?

அல்சூர்க்காரன் (ஞாயிறு, காலை 9:10)

போன வாரம் இங்கே டின் ஃபேக்டரி தனபால் ஒரு அருள்வாக்கு சொல்லியிருந்தார்: "இன்டர்வியூ முடிந்து மேனேஜரே லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினால் வேலை உறுதி. அப்புறம் வேறு இடங்களுக்கு அலைய வேண்டாம்." அதற்கு லைக் வேறு குவிந்தது.

என் அக்கா மகன் அதைப் படித்துத் தொலைத்தான். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நான்கு வருட அனுபவம், இங்கே பெங்களூர் பெல்லந்தூரில் ஒரு கம்பெனியில் மூன்றாவது ரவுண்டு. மேனேஜர் "ரொம்ப நல்லாப் பண்ணீங்க" என்றாராம். அடுத்த நிமிஷமே "பட்ஜெட் கொஞ்சம் டைட்" என்றாராம். நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள் என்றதும் முகம் சுருங்கியதாம். ஆனாலும் டீம் உட்காரும் இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டினாராம். கடைசியில் லிஃப்ட் வரை வந்து, பட்டனை அவரே அழுத்தி, "சீக்கிரம் பார்க்கலாம்" என்றாராம். பையன் அன்று இரவே ஸ்வீட் வாங்கலாமா என்று கேட்டான். மறுநாள் ஒயிட்ஃபீல்டில் இருந்த இன்னொரு இன்டர்வியூவுக்குப் போகவே இல்லை. இன்றோடு 12 நாள். மெயிலும் இல்லை, போனும் இல்லை.

தனபால் அவர்களே, லிஃப்ட் வரை வருவது மரியாதை இல்லை, செக்யூரிட்டி விதி. விசிட்டர் பேட்ஜைக் கண்ணாடிக் கதவில் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். உள்ளே வேலை பார்ப்பவர் தன் கார்டை வைத்தால்தான் திறக்கும். ஏசி ரிப்பேருக்கு வருகிறவரையும் நாங்கள் இப்படித்தான் லிஃப்ட் வரை கொண்டுபோய் விடுகிறோம். அவர் கையில் ஆஃபர் லெட்டர் கொடுப்பதில்லை.

டின் ஃபேக்டரி தனபால் (காலை 9:41)

நான் "லிஃப்ட் வரை" என்று எழுதினேன். "கதவு வரை" என்று எழுதவில்லை. கார்டு வைத்துக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாமே? கதவிலிருந்து லிஃப்டுக்கு ஏன் நடந்தார்? இந்த ஊரில் ஐந்து கம்பெனி பார்த்தவன் நான். ஐந்திலும் லிஃப்ட் வரை வந்தார்கள். வராத இடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அல்சூர்க்காரன் (காலை 9:48)

கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவே நாலு எட்டு. அந்த நாலு எட்டில்தான் பையனின் எதிர்காலம் இருந்ததா? பல்லி விழும் பலன் மாதிரி இனி லிஃப்ட் பலன் என்று காலண்டரில் போட்டுவிடலாம். இடது லிஃப்ட் என்றால் தனலாபம், வலது லிஃப்ட் என்றால் அலைச்சல்.

மடிவாளா மீனா (காலை 10:15)

பத்து வருடமாக எச்ஆரில் இருக்கிறேன், சொல்லலாமா? இன்டர்வியூவில் ஒருவர் பேசுவது போலத் தெரியும். உண்மையில் மூன்று பேர் பேசுகிறார்கள். மேனேஜருக்கு ஆள் இன்றைக்கே வேண்டும். அந்த இடத்துக்கான அனுமதி ஃபைனான்ஸிடம் கிடக்கும். எங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் என்றாலே வயிற்றைக் கலக்கும். அந்த மூன்று மாதத்தில் பையன் நம் ஆஃபரைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதலாக வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் போனை அணைத்துவிடுவான். அதனால் இரண்டு பேரைக் கைவசம் வைத்திருப்போம். "நல்லாப் பண்ணீங்க", "பட்ஜெட் டைட்" இரண்டுமே நிஜமாக இருக்கலாம், இரண்டாவது ஆளிடமும் அதையே சொல்லியிருக்கலாம்.

சம்பளம் எவ்வளவு, நோட்டீஸ் எத்தனை நாள் என்பதை முதல் போன் காலிலேயே எல்லாரிடமும் கேட்போம். படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டம், அவ்வளவுதான். ரவுண்டெல்லாம் முடிந்த பிறகு மூன்று மாத பேஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), யுஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) என்று கேட்க ஆரம்பித்தால், சம்பளக் கணக்குப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் நம்பலாம். அப்போதும் கொஞ்சம்தான்.

டின் ஃபேக்டரி தனபால் (காலை 10:22)

நன்றி மேடம். ஆனால் இவ்வளவு எழுதியும் லிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மௌனம் சம்மதம்.

மடிவாளா மீனா (காலை 10:30)

லிஃப்ட் பற்றித்தானே? ரிஜெக்ட் செய்தவர்களோடுதான் நான் அதிகம் லிஃப்ட் வரை நடந்திருக்கிறேன். மனசு கேட்காது. போதுமா?

டின் ஃபேக்டரி தனபால் (காலை 10:34)

நீங்கள் எச்ஆர். நான் சொன்னது மேனேஜர். மறுபடியும் படியுங்கள்: மேனேஜரே லிஃப்ட் வரை.

ஓசூர் லோக்கல் (காலை 11:02)

தனபால் அண்ணே கடைசியாக வேலை மாறியது எப்போது? 2022ஆக இருந்தால் கணக்கு இடிக்கிறது. அந்த வருடம் மார்ச்சில் இன்ஃபோசிஸ் வெளியிட்ட ஆண்டு அட்ரிஷன், அதாவது தாமாக வேலையை விட்டுப் போனவர்கள், 27.7 சதவீதம். 2024 மார்ச்சில் அதுவே 12.6. அன்றைக்கு நூறு பேரில் 27 பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், வாசலில் கொரியர் கொடுக்க வந்தவனையும் உட்காரவைத்து ஜாவா தெரியுமா என்று கேட்ட காலம். இப்போது அப்படியா?

டின் ஃபேக்டரி தனபால் (காலை 11:09)

என் முதல் வேலை 2007இல். சதவீதத்தைக் கொண்டுவந்து திசைதிருப்ப வேண்டாம். 2007லும் லிஃப்ட் வரை வந்தார்கள், 2022லும் வந்தார்கள். மார்க்கெட் மாறும், மனுஷன் மாறமாட்டான்.

தனித்தமிழ்த் தம்பி (காலை 11:20)

அது மின்தூக்கி. காலையிலிருந்து எத்தனை 'லிஃப்ட்' என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். பெங்களூரில் தமிழ் அழியக் கர்நாடகம் காரணமில்லை, நீங்கள்தான்.

அல்சூர்க்காரன் (காலை 11:24)

தம்பி, மின்தூக்கி வரை வந்தாலும் அது செக்யூரிட்டி விதிதான்.

ஓசூர் லோக்கல் (காலை 11:31)

நேர்காணலை விட்டுவிட்டு மின்தூக்கியைப் பிடித்துக்கொண்டார் தம்பி. சரி, எச்ஆருக்கு என்ன? மனிதவளத்தார்? எங்கள் ஆபீஸில் போய் "மனிதவளத்தார் கூப்பிட்டார்" என்றால் வனத்துறை என்று நினைப்பார்கள்.

தனித்தமிழ்த் தம்பி (காலை 11:35)

எள்ளல் எளிது. உங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியுமா என்று கேட்டால் பதில் வராது.

கோரமங்களா கோர்ட்டு (பகல் 12:10)

சட்டப்படி பார்த்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 5: முன்மொழிவை ஏற்றதாகத் தெரிவித்து முடியும் முன்பு அதைத் திரும்பப் பெறலாம். இங்கே முன்மொழிவே வரவில்லை. "சீக்கிரம் பார்க்கலாம்" என்பது முன்மொழிவு ஆகாது. பட்டனை அழுத்தியதும் ஆகாது.

டின் ஃபேக்டரி தனபால் (பகல் 12:16)

நான் கேஸ் போடச் சொன்னேனா? அறிகுறி என்று சொன்னேன்.

அல்சூர்க்காரன் (பகல் 12:19)

"உறுதி" என்று சொன்னீர்கள். மேலே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். அறிகுறி இப்போது முளைத்தது. இதோடு ஒயிட்ஃபீல்டு இன்டர்வியூவும் போச்சு.

டின் ஃபேக்டரி தனபால் (பகல் 12:27)

ஒயிட்ஃபீல்டுக்குப் போகாதது என் தப்பா? 2023 அக்டோபரிலேயே மெட்ரோ பர்ப்பிள் லைன் முழுசாகத் திறந்தாயிற்று. அல்சூரில் ஏறினால் வண்டி மாறாமல் ஒயிட்ஃபீல்டு. பையன் தூங்கியிருப்பான், பழி என் தலையில்.

உண்மையைச் சொல்லட்டுமா? அல்சூர்க்காரருக்குக் கோபம் லிஃப்டால் இல்லை. போன வருடம் இதே பையனின் ரெஸ்யூமேயை அனுப்பி, என் கம்பெனியில் ரெஃபர் (சிபாரிசு) செய்யச் சொன்னார். எங்கள் இடத்தில் ஆள் எடுக்கவில்லை. அந்தக் கடுப்பு.

அல்சூர்க்காரன் (பகல் 12:40)

நீங்களே ஆரம்பித்தீர்கள், சரி. "ரெஃபர் பண்ணிட்டேன், ரெண்டு வாரத்துல கூப்பிடுவாங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். பையன் அவன் கணக்கில் நுழைந்து பார்த்தால் விண்ணப்பமே இல்லை. அதே மாதம் உங்கள் மச்சினர் அங்கே சேர்ந்தார். ரெஃபரல் போனஸில் வாங்கிய ஸ்பீக்கரின் போட்டோவை நீங்களே ஸ்டேட்டஸில் வைத்தீர்கள். அவரையும் லிஃப்ட் வரை வழியனுப்பினார்களா?

டின் ஃபேக்டரி தனபால் (பகல் 12:44)

ஆமாம். மேனேஜரே வந்தார்.

மடிவாளா மீனா (பகல் 12:50)

குடும்ப விஷயத்தை விடுங்கள். பையன் எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டானா? "என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, வேறு இடத்திலும் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று இரண்டே வரி. அதற்கு வரும் பதிலில், அல்லது வராத பதிலில், லிஃப்டை விடக் கூடுதலாகத் தெரியும்.

ஓசூர் லோக்கல் (பகல் 1:05)

அல்சூர்க்காரரே, 12 நாள் எல்லாம் ஒரு காத்திருப்பா? உங்கள் ஏரிக்கரையில் 1991இல் வைத்த வள்ளுவரே 2009 வரை மூடிக்கொண்டுதான் நின்றார். அவரும் ரெடிதான், சிலையும் ரெடிதான், அப்ரூவல் வரவில்லை.

தனித்தமிழ்த் தம்பி (பகல் 1:11)

வள்ளுவரைக் கேலிக்கு இழுக்காதீர்கள்.

அல்சூர்க்காரன் (மாலை 6:20)

புதுச் செய்தி. பையன் மீனா மேடம் சொன்ன மாதிரி மெயில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஒரு மணி நேரத்தில் பதில். மூன்று மாத பேஸ்லிப்பும் ஃபார்ம் 16உம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே வேலையை இன்று மதியம் நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், அதே பெல்லந்தூர், அதே நான்கு வருட அனுபவம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டின் ஃபேக்டரி தனபால் (மாலை 6:23)

லிஃப்ட்.

டின் ஃபேக்டரி தனபால் (மாலை 6:24)

காலையிலிருந்து என்னைக் கிழித்தவர்கள் எல்லாரும் வரிசையாக வரலாம். மன்னிப்பெல்லாம் வேண்டாம், பெரிய மனசு எனக்கு.

மடிவாளா மீனா (மாலை 6:40)

பழைய விளம்பரத்தைக் குறிப்பிட்ட நாளில் தானாகவே புதுப்பிக்க வைத்திருப்பார்கள், அல்லது இரண்டாவது ஆளைத் தேடுகிறார்கள். கேட்டதை அனுப்புங்கள். கையில் ஆஃபர் லெட்டர் வரும்வரை இப்போதைய கம்பெனியில் பேப்பர் போடக் கூடாது, ராஜினாமா கூடவே கூடாது. பையனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அல்சூர்க்காரன் (மாலை 6:52)

சொல்லிவிட்டேன் மேடம், நன்றி. தனபால், பேஸ்லிப் கேட்டது மெயில் போட்டதால். மெயில் போடச் சொன்னது மீனா மேடம். நீங்கள் சொன்னபடி கேட்டிருந்தால் இன்னும் உட்கார்ந்திருப்பான். விசிட்டர் பேட்ஜில் கதவு திறக்காது. திறக்காததால் கூட வந்தார்.

டின் ஃபேக்டரி தனபால் (மாலை 6:55)

கதவு வரை. லிஃப்ட் வரை ஏன்?

அல்சூர்க்காரன் (மாலை 6:57)

நாலு எட்டு.

டின் ஃபேக்டரி தனபால் (மாலை 6:58)

பட்டனை யார் அழுத்தியது?

கோரமங்களா கோர்ட்டு (இரவு 7:15)

பட்டன் பற்றி மதியமே சொல்லிவிட்டேன்.

கே.ஆர்.புரம் புதுசு (இரவு 9:48)

எல்லாருக்கும் வணக்கம், இங்கே முதல் தடவை எழுதுகிறேன். எனக்கும் டெஸ்டிங்தான், நான்கரை வருடம், நோட்டீஸ் 30 நாள்தான். அந்த நௌக்ரி லிங்க்கை யாராவது போட முடியுமா?