புதுப்பிப்பு: ஆள்மேல் தாவிய ராஜபாளையம் குட்டி இப்போது எப்படி இருக்கிறான்?

நான்கு மாதக் குட்டி வருகிறவர்கள்மேல் தாவுகிறான், வேட்டியைக் கவ்வி இழுக்கிறான் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். முழங்காலால் தள்ளச் சொன்னார்கள் சிலர். தள்ளினேன், விளையாட்டென்று நினைத்து இன்னும் உயரமாகத் தாவினான்.

பலித்தது வேறு. தாவினால் எல்லோரும் முதுகைக் காட்டி நிற்போம். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் வேகவைத்த கோழித்துண்டு. நாயைவிட அப்பாவைப் பழக்கத்தான் நாளானது. "பாவம், குழந்தைதானே" என்று தாவும்போதே தடவிக்கொடுத்துவிடுவார். இப்போது கேட் கிரீச்சிட்டால் ஓடிப்போய் உட்காருகிறான். உட்காருகிறான் என்றால், பின்பக்கம் தரையில் பட்டும் படாமலும் நடுங்க, வால் மட்டும் திண்ணையைப் பெருக்கும்.

கடி குறைந்ததற்கு நான் பெருமைப்பட முடியாது. பால்பற்கள் விழுந்துவிட்டன; ஒன்று மிதியடியில் அரிசிபோலக் கிடந்தது. அதுவரை ஈரத்துண்டை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம்.

இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால், முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். சட்டென்று திரும்பினான். கேட்கிறது, நான் கூப்பிட்டால்தான் கேட்பதில்லை.

மதில்மேல் பூனை வந்தால் மட்டும் பயிற்சியெல்லாம் காற்றில் பறக்கிறது. வேட்டை நாய் அல்லவா, அதற்குச் சங்கிலிதான்.