கானா பாட்டு வீடியோ: கட் தாளத்தில் உட்காரவில்லை, உதடும் நழுவுகிறது. உதவி வேண்டும்

காசிமேட்டுப் பையன்:
வணக்கம். என் நண்பன் தன் ஆயாவை நினைத்து ஒரு கானா பாடியிருக்கிறான். காசிமேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன் வெட்டி விற்றவர். வருகிற ஞாயிறு முதல் வருஷ திதி, அன்றைக்குப் பாட்டு வந்தாக வேண்டும். எடிட்டிங் என் பொறுப்பு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் செய்கிறேன்.

பாட்டு 110 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 110 அடி என்று ஒரு ஆப் காட்டியது. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் அடிக்கு 14 ஃபிரேம் என்று கணக்குப் போட்டு வெட்டினேன். முதல் சில கட் நன்றாக விழுகிறது. பல்லவி முடிவதற்குள் அடி ஒரு பக்கம், கட் ஒரு பக்கம்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு சரணத்தை ஒரே ஷாட்டாக எடுத்தோம். ஆரம்பத்தில் உதடு ஒத்துப்போகிறது, 40 விநாடி ஆனதும் நழுவிவிடுகிறது. எல்லாம் போனில் 30 ஃபிரேமில் எடுத்தது.

அப்புறம் விப் பேன். பாப் பாட்டு வீடியோக்களில் கேமரா சடாரென்று திரும்பும், நின்றால் வேறு இடத்தில் இருப்போமே, அது. ராயபுரம் ஸ்டேஷன் தூண்களில் தொடங்கி துறைமுகத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. பார்த்தால் விக்கி விக்கிப் போகிறது. அடிக்கு ஒரு வெள்ளை ஃபிளாஷ் போட்டு மறைத்துவிடலாமா?

டைம்லைன் அண்ணன்:
தம்பி, 60ஐ 110ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு 0.545 விநாடி. 25ஆல் பெருக்கினால் 13.64 ஃபிரேம்தான். அதை 14 ஆக்கியதில் ஒவ்வொரு அடிக்கும் 0.36 ஃபிரேம் பின்தங்குகிறாய். 32 அடியில் அது 11 ஃபிரேமைத் தாண்டும், கிட்டத்தட்ட ஒரு முழு அடி. 30க்கு மாற்றினாலும் 16.36 வரும், முழு எண் கிடைக்காது. அதனால் நீளத்தை நகலெடுத்து ஒட்டாதே. பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு அடிக்கும் எம் விசையைத் தட்டி மார்க்கர், அதாவது அடையாளக் குறி வை. பிறகு ஒலி அலையைப் பெரிதாக்கி, மார்க்கரை அடி எழும்பும் இடத்துக்கு நகர்த்து. ஒரு ஃபிரேம் முன்னதாக வெட்டினால் பரவாயில்லை, பின்னால் போனால்தான் கண்ணில் உறுத்தும்.

உதடு நழுவுவதற்குக் காரணம் போனாகத்தான் இருக்கும். 30 என்று வைத்தாலும் நிறைய போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு மூன்று விநாடி ஷாட்டில் தெரியாது, 40 விநாடி ஷாட்டில் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்), 30 என்று வைத்து எல்லா கிளிப்பையும் மாற்று. புதிய புராஜெக்ட் தொடங்கி, கிளிப்பை உள்ளே விடுவதற்கு முன்பே டைம்லைனையும் 30 ஆக்கு. 30 எடுத்ததை 25இல் போட்டால் விநாடிக்கு 5 ஃபிரேம் காணாமல் போகும். பேன் விக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று வெயில். உச்சி வெயிலில் போன் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோய்விடும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், விப் பேனுக்கு வேண்டிய கலங்கல் வராது. மறுபடி எடுக்க முடிந்தால் விடியற்காலையில் எடு, இல்லையென்றால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டு. இரண்டு ஷாட்டிலும் கேமரா ஒரே பக்கம் திரும்ப வேண்டும், ஒரே வேகத்தில். மிகவும் கலங்கிய ஃபிரேமில் வெட்டு.

வியாசர்பாடி சட்டி:
நான் கானாவுக்குச் சட்டி மேளம் அடிப்பவன். பாட்டைக் கிளிக் (காதில் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும் தாள ஒலி) வைத்துப் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். எங்கள் செட்டில் வைப்பதில்லை. சரணத்தில் பாடுகிறவன் குரல் ஏறினால் எங்கள் கையும் ஏறும். அப்படிப் பதிவானதென்றால் ஆப் சொன்ன 110 வெறும் சராசரி. அண்ணன் சொன்னது போல் காதால் கேட்டு மார்க்கர் வைப்பதுதான் வழி. எல்லா அடிக்கும் வெட்டவும் வேண்டாம், பாட்டுக்கு மூச்சு விட இடம் கொடுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
ஃபிளாஷ் வேண்டாம் தம்பி. என் அக்கா பையனுக்கு வலிப்பு உண்டு, பளிச் பளிச்சென்ற வெளிச்சம் அவனுக்கு ஆகாது. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணையத்துக்கான அணுகல் வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. நீ சொல்கிறபடி அடிக்கு ஒன்று போட்டால் 110இல் விநாடிக்கு 1.83 தான். ஆனால் கை ஊறி அரை அடிக்கும் போட்டால் 3.67 ஆகிவிடும்.

ஆயா போட்டோ இருக்கிறதா? 1991இல் மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' வீடியோவில் பாட்டு முடிகிற இடத்தில் ஒரு முகம் இன்னொரு முகமாக உருகி மாறும். அதைக் கணினியில் செய்தார்கள். அந்த அளவுக்குப் போகாமலே உன்னால் ஒன்று செய்ய முடியும். போட்டோவில் ஆயாவின் கண் திரையில் எங்கே இருக்கிறதோ, அடுத்த ஷாட்டில் வருகிறவரின் கண்ணும் அங்கேயே வருகிற மாதிரி பெரிதாக்கி நகர்த்தி வை. நேர் கட் போதும்.

காசிமேட்டுப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. கிளிக் வைக்கவில்லையாம். மார்க்கர் வைத்துப் பார்த்தபோது கடைசிச் சரணத்தில் அடிகள் நெருங்கி வருவது கண்ணுக்கே தெரிந்தது. கிளிப்பை மாற்றியதும் உதடும் சரியாகிவிட்டது. விப் பேனில் நான் ஸ்டேஷனில் இடமிருந்து வலம், துறைமுகத்தில் வலமிருந்து இடம் திரும்பியிருக்கிறேன். நேற்று விடியற்காலை ஐந்தரைக்குப் போய் மறுபடி எடுத்தோம், இப்போது ஒட்டுகிறது.

ஆயா உட்கார்ந்த இடத்தில் இப்போது நண்பனின் அம்மா உட்காருகிறார். போட்டோவில் ஆயா கண், அடுத்த ஷாட்டில் அம்மா கண். அதற்கு அடுத்தது அருவாமனை குளோசப்: வஞ்சிரத்தின் தலை துண்டாகி விழுகிற ஃபிரேமைச் சட்டி அடி மேலேயே வைத்தேன். அங்கே எந்த டிரான்சிஷனும் போடவில்லை. லேப்டாப்பில் பார்த்த அம்மா, "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடு" என்றார்.