மஞ்சளா, திருநீறா? டார்க்விஷன் காலை வாரிய அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

டார்க்விஷன், அதாவது இருட்டிலும் பார்க்கும் திறன், தன் பாத்திரத்துக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் அடி வாங்கியவர்கள் இங்கே எத்தனை பேர்? முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் எங்கள் மொட்டை மாடியில். பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு (2014 விதிநூல்). கதையை நடத்துபவன் நான். குழுவில் கற்பனை இனங்களைச் சேர்ந்த நால்வர்: ஒரு குள்ளன், இரண்டு எல்ஃப்கள், ஓர் அரை ஓர்க். நால்வருக்குமே இருட்டில் பார்வை உண்டு. ஆட்டத்தின் கடைவீதியில் மூட்டை கட்டும்போது ஒருவர்கூடப் பந்தம் வாங்கவில்லை. பந்தம் ஒன்றின் விலை ஒரே ஒரு செப்புக் காசு. "நமக்கு எதற்கு அண்ணா அந்தத் தண்டச் செலவு?" என்று கேட்டான் குள்ளனாக ஆடும் என் தம்பி. என் குறிப்புகளை மறைக்கும் தடுப்பு அட்டைக்குப் பின்னால் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

விதியைப் பலரும் பாதிதான் படிக்கிறார்கள். டார்க்விஷன் இருட்டைப் பகலாக்குவதில்லை. 60 அடி வரை இருட்டை மங்கல் வெளிச்சமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். மங்கலில் கண்ணால் எதைத் தேடினாலும் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். உருட்டாமலே கவனிக்கும் எண்ணில் 5 கழிந்துவிடும்.

குகைக்குள் கிரிக் என்ற கொடிய பிராணி ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தேன். புழுவுடல், கிளி மூக்கு, பாறைச் சாம்பல் நிறம். கல் நிறைந்த இடத்தில் அது மறைய முயன்றால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். அது மறைய எனக்கு விழுந்த கணக்கு 13. குழுவிலேயே கூர்மையான எல்ஃபின் கவனிப்பு எண் 15. ஐந்தைக் கழித்தால் 10, அந்த 13-ஐ எட்டவில்லை. கிரிக் தலைக்கு மேலிருந்து இறங்கிக் குள்ளனின் கழுத்தைச் சுற்றிய பிறகுதான் தம்பி நிமிர்ந்து பார்த்தான். "எனக்குத்தான் இருட்டில் தெரியுமே!" என்று அரை மணி நேரம் வாதம். அதற்குள் மின்சாரம் போய், மாடியே இருண்டது. கைப்பேசி வெளிச்சத்தில் தன் பகடை எங்கே உருண்டது என்று தேடிக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொன்று, நிறம். முழு இருட்டில் டார்க்விஷன் சாம்பல் சாயல்களை மட்டுமே காட்டும். "மஞ்சள் பூசிய கதவைத் திறங்கள், திருநீறு பூசியதைத் தொடாதீர்கள்" என்று ஊர்க் கிழவி அவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கதவுகள் இரண்டும் ஒரே வெளிறிய சாம்பலாகத் தெரிந்தன. தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "முகர்ந்து பார்க்கிறேன்" என்றான். பகடையே கேட்காமல் கதவைத் திறந்துவிட்டேன்.

காட்பாடியிலிருந்து:

தம்பி, நீங்கள் ஆடுவதெல்லாம் சுலபமான காலத்து ஆட்டம். தொண்ணூறுகளில் நாங்கள் விடுதியில் நகலெடுத்த பழைய விதிநூலை வைத்து ஆடினோம். அப்போது டார்க்விஷன் இல்லை, இன்ஃப்ராவிஷன்தான். உடற்சூட்டைக் காணும் கண். 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் இது மாறியது.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டைகளுக்கு அளவில்லை. எலும்புக்கூட்டுக்கு ஏது சூடு? சுவரோடு சுவராக நிற்கும், தெரியாது என்றேன். பல்லி மனிதன் குளிர் இரத்தம் உள்ளவன், அவனும் தெரியமாட்டான் என்றான் ஒருவன். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது எங்கள் நடத்துநரின் வாதம். "இது வேலூர் மே மாதம். வெளியே பாறையில் போய் உட்கார்ந்து பார். இரவு எட்டு மணிக்கும் சுடும். இந்த மலையில் பாறையும் ஓர்க்கும் ஒரே சூடு. யாருக்கும் எதுவும் தெரியாது." பதில் சொல்ல முடியவில்லை. ஓர்க்குகள் வந்து எங்களை வெட்டிப் போட்டன. அவற்றுக்கும் அதே கண்தானே, எங்களை எப்படிப் பார்த்தன என்று கேட்கத் தோன்றியது மறுநாள் காலையில்.

ஆற்காட்டிலிருந்து:

எங்களை ஏமாற்றியது ஜெலட்டினஸ் கியூப். பத்தடிக் கனசதுரக் கூழ், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். அசையாமல் நின்றால் கண்டுபிடிக்கப் பகடைக் கணக்கு 15 வேண்டும், மங்கலில் அது குதிரைக்கொம்பு. ஆனால் நடத்தியவர் நியாயமாகத் துப்புக் கொடுத்திருந்தார். நூறாண்டுத் தூசி படிந்த நிலவறையில் அந்த ஒரு நடைபாதை மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "இங்கே யார் வாசல் தெளிக்கிறார்கள்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தேன். நடந்தது பாதைக்குள் அல்ல, கூழுக்குள்.

குடியாத்தத்திலிருந்து:

மேலே எல்லோரும் இரண்டு விஷயங்களைக் குழப்புகிறீர்கள். கிரிக் ஒளிந்துகொள்கிறது. அதைப் பகடையால் வெல்லலாம். ரோப்பர் என்ற பிராணி ஒளிவதே இல்லை. அசையாத வரை அது குகைக்குள் முளைத்த கல் தூணேதான். பட்டப்பகல் வெளிச்சம் போட்டாலும் வேறுபாடு தெரியாது என்கிறது விதி. டார்க்விஷனுக்கு அங்கே வேலையே இல்லை.

நம்பாதவர்கள் ஜவ்வாது மலைப் பக்கம் பக்கிக் குருவியைத் தேடிப் பாருங்கள். சருகில் உட்கார்ந்திருக்கும். பகலில் பக்கத்தில் நின்றாலும் சருகுதான் தெரியும். மிதிக்கப் போகும்போது காலடியிலிருந்து எழும்பும். இரவில் நிலைமை தலைகீழ். கைவிளக்கை அடித்தால் அதன் கண் கனல்போல் மின்னி, இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். இதை எந்த விதிநூலிலாவது சேர்த்திருக்கிறார்களா?

சத்துவாச்சாரியிலிருந்து:

குடியாத்தத்து நண்பர் சொன்னது சரி. ரோப்பரை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

தம்பி போன வாரம் பத்துப் பந்தங்கள் வாங்கினான். ஒன்றைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக முன்னால் நடந்தான். பந்த வெளிச்சம் 20 அடி தெளிவு, அடுத்த 20 அடி மங்கல். குழுவின் கண்ணுக்கு எட்டுவது 60 அடி. காப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் 70 அடியில் வில்லுடன் காத்திருந்தன. இருட்டில் தீப்பந்தம் ஏந்தி வருபவனைப் பார்க்க அவற்றுக்கு டார்க்விஷன்கூடத் தேவைப்படவில்லை. முதல் அம்பு பட்டதும் தம்பி கேட்டான்: "அண்ணா, பந்தத்தைக் கீழே போட என் ஆட்ட முறை ஒன்று செலவாகுமா?"