எஞ்சிய மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டலாமா?

கேள்வி:
நெடுநாள் நோயுற்றிருந்த என் தந்தையார் சென்ற மாதம் காலமானார். அவருக்காக வாங்கிய மாத்திரைகள், பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் சிரப், வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச்கள், ஓர் இன்ஹேலர் ஆகியவை அலமாரியில் அப்படியே இருக்கின்றன. குப்பையில் போட்டால் குழந்தைகள் கையில் சிக்கிவிடுமோ என்று அஞ்சி, அனைத்தையும் கழிப்பறையில் கொட்டிவிட எண்ணினேன். அது ஆற்றுக்குத்தானே போகும் என்று மகள் தடுத்துவிட்டாள். சுத்திகரிப்பு நிலையத்தில் மருந்து அழிந்துவிடாதா?

மறுமொழி 1:
உங்கள் மகள் சொல்வதே சரி. அந்த நிலையங்கள் மலக்கழிவையும் கரிமப் பொருள்களையும் நீக்குவதற்காக அமைக்கப்பட்டவை. பாராசிட்டமால் போன்றவற்றை அங்குள்ள நுண்ணுயிர்கள் பெருமளவு சிதைத்துவிடும். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபினோ ஏறக்குறைய போனபடியே வெளியே வரும். ஆன்டிபயாடிக் கலந்த நீரில் அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருக வாய்ப்புண்டு. அளவு சிறிதுதானே என்றும் விட்டுவிட முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில், 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை (பெண் ஹார்மோனை) லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்ற அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் உருவானது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறு மீனினம் அந்த ஏரியில் ஏறத்தாழ அற்றே போயிற்று.

மறுமொழி 2:
ஒரு திருத்தம். நீர்நிலைகளில் காணப்படும் மருந்தில் பெரும்பகுதி, நாம் உட்கொண்டு சிறுநீரிலும் மலத்திலும் கழிப்பதே. கொட்டுவதால் சேர்வது அதைவிடக் குறைவு. ஆயினும் நம் கையால் தடுக்கக்கூடியது அந்தப் பகுதிதான். மருந்துகளைத் திரும்பப் பெறும் மருந்தகமோ மருத்துவமனையோ அருகில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அங்கு சேர்பவை உயர்வெப்ப உலையில் எரிக்கப்படும். அவ்வசதி இல்லையென்றால், மாத்திரைகளைப் பொடிக்காமல் அட்டையிலிருந்து பிரித்து, சிரப்பையும் சேர்த்து, ஈர மண்ணிலோ மரத்தூளிலோ கலந்து, கசியாத பையில் இறுகக் கட்டி, குப்பை எடுக்கும் நாளன்று மட்டும் வெளியே வையுங்கள். வீட்டிலேயே எரிப்பது கூடாது, நச்சுப்புகைதான் மிஞ்சும்.

மறுமொழி 3:
ஃபென்டனில் பேட்ச்களை அந்தக் கலவையில் சேர்க்காதீர்கள். பயன்படுத்திக் கழற்றிய பேட்ச்சிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மருந்து எஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, உடனே திருப்பிக் கொடுப்பதே நல்லது. அதற்கு வழியே இல்லாதபோது இதைக் கழிப்பறையில் போடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விலக்கு அளித்திருக்கிறது. ஆற்றுக்கு நேரும் சிறு கேட்டைவிட வீட்டில் நேரக்கூடிய சாவு பெரிது என்பதே அதன் கணக்கு. இன்ஹேலர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட குப்பி; அதைத் துளைக்கவோ தீயில் இடவோ கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலை பேட்ச்களையும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருந்தகத்துக்குச் செல்கிறேன். தந்தையாரின் பெயர் அச்சிட்ட சீட்டுகளைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் ஏற்பார்களா?

மறுமொழி 2:
ஏற்பார்கள். பெயரை மட்டும் அழித்துவிடுங்கள். மருந்தின் பெயர் படிக்கும்படி இருந்தால் அவர்களுக்குப் பிரிப்பது எளிது.